மாமன் மடி

படியில் வழுக்கிப் பின்பக்கமாய் விழுந்து நாற்பது நாள் ஆகிறது. வால் எலும்பில் கீறல், தரையில் உட்காரக் கூடாது என்றார் டாக்டர். தங்கச்சி மகளுக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. அவள் குழந்தைக்குக் காது குத்த என் மடிதான். கோயிலில் மணை போட்டதும் அவளுடைய சித்தப்பன் மகன், குழந்தைக்கு மாமன் முறையாகும் தவசி, ரப்பர் வளையத்தை ஊதிக் கொண்டுவந்தான்.

“இதுல உக்காருங்க மாமா. முடியலன்னா சொல்லுங்க, என் மடி சும்மாதான் கெடக்கு.”

அவன் ஊதிய காற்றை எப்படி நம்புவது? வளையத்தைத் தள்ளிவிட்டு வெறும் பலகையில் உட்கார்ந்தேன். குழந்தையை மடியில் வைத்ததும் இடுப்புக்குக் கீழே தீப்பிடித்தது.

“ஆடாம புடியும். ஊசி வழுக்குனா கண்ணுக்குப் போயிரும்” என்றார் ஆசாரி.

ஒரு காது முடிந்தது. குழந்தை அலறித் துள்ளியது. நான் அசையவில்லை. அழுது ஓய்ந்து அது என் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. ஆசாரி மறுபக்கம் வந்து உட்கார்ந்தார். அப்போதுதான் என் தொடை தானாக நடுங்கத் தொடங்கியது. ஆசாரியின் ஊசி காதருகே நின்றது.

“மடி ஆடுதே, பெரியவரே.”

தவசி குனிந்து இரண்டு கையையும் நீட்டினான்.

“ஆடுறது பிள்ள” என்றேன். “நீரு குத்தும்.”