அட்டவணையில் மிஞ்சியவர்

மேசையின் தலைமாட்டில் தோட்ட நிர்வாகி பெரியதொரை. அவருக்கு வலப்பக்கம் தோட்டத்து நலன்புரி அதிகாரி றொபின்சன். இடப்பக்கம், கொழும்புத் தலைமை அலுவலகம் அனுப்பிய கம்ப்யூட்டர்காரர் அர்ஷாத். ஜன்னலோரம், குறிப்பெழுத நான். மண்சரிவில் வீடிழந்த குடும்பங்களின் சார்பில் பாக்கியலெட்சுமி. நாற்காலி ஒன்று காலியாக இருந்தும் அவளுக்குக் கதவோர வாங்குப் பலகைதான் காட்டப்பட்டது.

புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் அறிக்கை விழுந்தது. நடுவில் சிவப்பாக, பெரிதாக: 31.

ஏழாம், எட்டாம் லயங்களின் வரிசை வீடுகள் சரிந்த நாளிலிருந்து தோட்டப் பாடசாலை மண்டபத்தில் கிடக்கும் குடும்பங்கள் அவை. அறிக்கையில் எத்தனையோ, அத்தனை வீட்டுக்குத்தான் கொழும்பு காசு தரும். அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

"ஒரு டேபிள மட்டும் வச்சு ரிப்போர்ட் போட்டா எவன் நம்புவான்? இன்னும் சேருங்க" என்றார் பெரியதொரை.

அர்ஷாத் பெரட்டுப் பதிவைச் சேர்த்தார். காலையில் வேலைக்கு வந்தவர், வராதவர் எல்லாரும் அதில் உண்டு. பென்ஷன் எடுத்தவர்களும், பதுளைக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும் இல்லை.

இரண்டிலும் இருக்கும் பெயர்களே மிஞ்சின. 31, 18 ஆனது.

றொபின்சன் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார். மழைக்காலம் முடிந்தும் அவரால் ஒரு வீட்டுக்குக்கூட அத்திவாரம் வெட்ட முடியவில்லை. இந்தப் பிள்ளை ஒரே விரலால் பதின்மூன்று குடும்பங்களைக் கரையேற்றிவிட்டதே!

"அருமை சேர். இன்னொண்ணு சேத்துப் பாப்போமா?"

அடுத்தது காம்பராப் பதிவு. எந்த லயத்தில் எந்த அறையில் யார் என்ற விபரம். பாடசாலைக்குப் போன குடும்பத் தலைவர்களிடம், அறையை விட்டு வெளியேறிவிட்டதாகக் கையெழுத்து வாங்கி, இதிலிருந்து பெயரை வெட்டியிருந்தோம். ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறதல்லவா.

18, 1 ஆனது. சிவப்பு பச்சையானது.

"காம்பரா நம்பர் இல்லாத பேரெல்லாம் விழுந்துட்டு சேர்" என்றார் அர்ஷாத். "விழாம வைக்கவும் ஏலும். ஒரு கிளிக்தான்."

"பச்சையா இருக்குல்ல? தொடாதீங்க."

பாக்கியலெட்சுமி எழுந்தாள். "அப்ப நேத்து ராத்திரி பள்ளிக்கூடத்துல கொறட்ட விட்டதெல்லாம் யாருங்க தொரை?"

குறட்டைக்கு அட்டவணை கிடையாது.

மிஞ்சிய அந்த ஒருவரைக் கைவிடக்கூடாது என்பதில் பெரியதொரை உறுதியாக இருந்தார். எங்கள் நிர்வாகம் அவ்வளவு இரக்கமுள்ளது. அர்ஷாத் அந்தப் பச்சை 1-இன்மேல் அழுத்தினார். பெயர் வந்தது: ஆ. கந்தப்பன். மனைவி, பாக்கியலெட்சுமி.

றொபின்சன் இருமினார். பெரியதொரை கண்ணாடியைத் துடைத்தார். நான் பேனாவைப் பார்த்தேன்.

அர்ஷாத்துக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு. வெளியூர்க்காரர் அல்லவா.

"வாழ்த்துகள் அக்கா! ஒங்க வூட்டுக்காரருக்கு வீடு கெடைச்சிருக்கு. புதன்கிழமை அடையாள அட்டையோட நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அவுகதான் மண்ணு சரிஞ்ச அன்னைக்குக் காம்பராவ விட்டு வெளியவே வரலியே தம்பி" என்றாள் அவள்.

அர்ஷாத்தின் கை விசைப்பலகையிலிருந்து இறங்கியது.

"ஆள் கெடைக்கல" என்றார் றொபின்சன், கூரையைப் பார்த்து. "ஆள் கெடைக்காம மரணச் சான்றிதழ் இல்ல. சான்றிதழ் இல்லாம பேர வெட்ட முடியாது. பெரட்டுல தெனமும் 'வரவில்லை'ன்னு விழுது."

"அந்தக் கிளிக்க இப்ப போடவா சேர்?" அர்ஷாத்தின் குரல் இறங்கியிருந்தது.

"ரிப்போர்ட் போயாச்சு" என்றார் பெரியதொரை. அதற்குள் அனுப்பும் பொத்தானை அழுத்தியிருந்தது அவர்தான். பிறகு என் பக்கம் திரும்பினார். "கடிதத்த எழுதுங்க. பதிவுத் தபால். வாங்குறவர் கையெழுத்து வரணும்."

எழுதினேன். ஏழாம் லயம், நாலாம் காம்பரா என்று விலாசமிட்டு, உறையை ஒட்டி, பகல் பஸ்ஸில் தபால் கந்தோருக்கு அனுப்பிவைத்தேன்.