ஓவர்சைட்

“ஓவர்னா மேலே, சைட்னா பார்வை. மேற்பார்வைன்னு அர்த்தம். இதுல பயப்பட என்னண்ணே இருக்கு?” என்றாள் டைப்பிஸ்ட்.

சூப்பர்வைசரின் முகம் தெளியவில்லை. காலையில் மேனேஜர் போனுக்கு அனுப்பிய செய்தியை மறுபடி பார்த்தார். ‘எல்லாம் உங்கள் ஓவர்சைட்டால்தான். வந்து பாருங்கள்.’

சனிக்கிழமை இரவு ஷிப்டில் பேக்கிங் பிரிவில் தீப்பிடித்து, அட்டைப்பெட்டிகளும் தைத்து வைத்த சட்டைகளும் சாம்பலாகியிருந்தன. முன்வாசலைப் புகை அடைத்துக்கொண்டது. நல்லவேளை, உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் பின்கதவு வழியாகத் தப்பி வந்துவிட்டார்கள்.

ஸ்டோர்கீப்பர் சூப்பர்வைசருடைய மைத்துனன்தான். ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாத பிறவி. போனில் அகராதியைத் தட்டினான். ஆதியில் மேற்பார்வைக்குத்தான் அந்த வார்த்தையாம். கண் எதையாவது பார்க்காமல் தாண்டிப் போனாலும் அதையே சொல்லிக்கொள்ளலாம் என்று பின்னால் ஆக்கிவிட்டார்களாம்.

“கவனக்குறைவுன்னும் போட்டிருக்கு மாமா. தீப்பிடிச்சதுக்கு யார் தலையாவது உருளணும்ல?”

உன் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று டைப்பிஸ்ட் அவனைக் கடிந்துகொண்டாள். சூப்பர்வைசர் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டார். இந்த வயதில் வேலை போனால் வேறு எவன் கொடுப்பான்? விட்ட கையை வெளியே எடுக்காமலே மாடிப்படி ஏறினார்.

மேனேஜர் எழுந்து வந்து கைகுலுக்கினார்.

“முன்யோசனையா அந்தப் பின்கதவைத் திறந்து வெச்சிருந்தீங்களே, அதுதாங்க ஓவர்சைட். உங்களை ப்ரொடக்‌ஷன் மேனேஜராப் போடச் சொல்லி முதலாளியே சொல்லிட்டார்.”

சிரித்துத் தலையாட்டினால் போதும். சூப்பர்வைசருக்கு அது முடியவில்லை. பைக்குள் பிடித்திருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது பின்கதவுச் சாவி.

“சட்டை திருட்டுப் போகுதுன்னு, இருட்டுறதுக்குள்ள அந்தக் கதவைப் பூட்டச் சொல்லியிருந்தீங்க சார். அன்னைக்கு மறந்துட்டேன்.”

மேனேஜர் சாவியைப் பார்த்தார். பிறகு அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“பூட்டச் சொன்னேன் பாருங்க, அதுதாங்க ஓவர்சைட்,” என்றார். “பதவி உங்களுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன், அந்தக் கதவைத் தினமும் மறந்துடணும்.”