வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

குடியை விட்டவர்கள் கூடும் இடத்தை, சங்கரன்கோவில் முழுக்க விசாரித்து வேல்விழி கண்டுபிடித்துவிட்டாள்.

"பனவடலிசத்திரம் பேச்சிராஜா வீட்டுக்காரி நான். யாராவது இப்பமே ஊருக்கு வாங்க அண்ணாச்சி. அவரு அண்ணன் தம்பியெல்லாம் பாட்டிலோட உக்காந்திருக்காவ."

வாசலில் நின்ற காசி ஆறுதலாகச் சிரித்தார். "ரெண்டு வாரமா ஆளைக் காணலியேன்னு நெனச்சோம். பயப்படாத தாயி. அவன் பத்து மாசமா தொடலியே."

அதை இன்னொருவர் வாயால் கேட்டதும் அவள் படியேறி அவர் அருகில் வந்தாள்.

"நான் சொன்னா சிரிக்காவ. அவனாவது, விடுததாவதுங்காவ. நீங்க சொன்னா நம்புவாவ."

"நாங்க எதுக்கு? வேண்டாம்னு சொல்லத்தானே இங்க பழகினான். அவனே சொல்லட்டும்."

வேல்விழி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னைக்குப் பதினாறாம் நாள் அண்ணாச்சி. பிடிச்சதைப் படைக்கணும்னு, அவரு போட்டோ முன்னால பிராந்தி வைக்கப் போறாவ."