மேல் பொத்தான்

அன்றைக்கு இருபதாவது நோயாளி. டாக்டரம்மா அலுப்போடு படிவத்தைப் பிரித்தார். முதுகெலும்பில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் வந்திருந்தவர் போன முறை யார் உதவியும் இல்லாமல் சட்டை போட்டுக்கொள்வதில் ஏழுக்கு ஏழு மதிப்பெண் வாங்கியிருந்தார்.

"இப்ப சட்டை யார் போட்டு விடுறாங்க?"

"நான்தான்" என்றாள் மனைவி.

"தலை வாரறது?"

"அதுவும் நான்தான்."

"ஆறு மாசம் மாடா உழைச்சுக் கத்துக் கொடுத்தோம். பாசத்துல கெடுத்து வச்சிருக்கீங்களேம்மா! சாருக்கும் சொகுசு பழகிடுச்சு. மறுபடி ஒரு மாசம் இங்கயே சேர்க்கணும்."

மனைவி மருந்து வாங்கப் போனதும் அவர் நாற்காலியை மேஜையருகே உருட்டினார்.

"சேர்த்துடாதீங்க டாக்டர். எல்லாம் என்னால முடியும்." சட்டைப் பொத்தான்களை மளமளவென்று கழற்றி, கீழிருந்து மறுபடி போட ஆரம்பித்தார்.

"அப்புறம் எதுக்கு இந்த நாடகம்?"

"எங்க பையன் தவறினதிலேருந்து அவ படுத்த படுக்கையா கிடக்கா டாக்டர். 'சட்டை மாட்டி விடேன்'னு நான் கத்தினாத்தான் எழுந்திரிக்கிறா. எழுந்துட்டா, ரெண்டு வாய் சாப்பிடவும் செய்யறா. நான் இங்க வந்துட்டா அவளை யார் எழுப்புவா?"

வெளியே காலடிச் சத்தம். மேல் பொத்தானை அப்படியே விட்டுவிட்டுக் கைகளை மடியில் போட்டுக்கொண்டார்.

டாக்டரம்மா படிவத்தை மூடினார்.

"வாங்கம்மா. இவரை வீட்டுக்கே கூட்டிட்டுப் போங்க. முதல்ல அந்த மேல் பொத்தானைப் போட்டு விடுங்க."