தீனோஸுக்கு இரண்டு டிக்கெட்

“தீனோஸ் தீவுக்குப் போற கப்பலுக்கு ரெண்டு டிக்கெட் சொல்லி வச்சிருக்கேன்,” என்றாள் அர்கிரோ. “காலையில கிளம்புற கப்பல்.”

தானாசிஸ் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “ஒண்ணை வேண்டாம்னு சொல்லிடு. நான் வரல.”

மாதா திருநாள் நெருங்கிவிட்டது. பிரேயஸ் துறைமுகத்தில் கப்பலேற நிற்க இடம் இருக்காது. தீவில் அறை கிடைக்காது, கோயில் முற்றத்தில்தான் படுக்க வேண்டும். அர்கிரோ எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டி, விரிக்க ஒரு போர்வை. இப்போது முழங்காலில் சுற்றிக்கொள்ளப் பழைய துண்டு ஒன்றைக் கிழித்துக்கொண்டிருந்தாள். கப்பல் துறையிலிருந்து மேட்டுக் கோயில் வரை முழங்காலிலேயே ஏறுவதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தாள்.

நேர்ந்தது பிப்ரவரியில், ஆஸ்பத்திரி நடையில். மீன் சந்தையிலிருந்து திரும்பிய அவர்கள் வண்டி மழையில் கவிழ்ந்த அன்று. ஓட்டியது தானாசிஸ், பக்கத்தில் மகன் நிக்கித்தாஸ். விடிவதற்குள் மகன் போய்விட்டான். அப்பா ஒரு கால் விளங்காமல் ஊன்றுகோலோடு வீடு வந்து சேர்ந்தார்.

அன்றோடு அவர் மாதாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். படுக்கையறை மூலையில் எரிந்த விளக்கை அணைத்தார், மாதா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். மனைவியோடும் தேவைக்கு மேல் பேசுவதில்லை. எழுவது, உட்கார்ந்திருப்பது, படுப்பது. இதற்குப் பெயர் உயிரோடு இருப்பது என்றால் அவர் இருந்தார்.

ஆகஸ்ட் காற்றில் கப்பலை நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிப் பார்த்தார். நின்றால் துறைமுகத்திலேயே காத்திருப்போம் என்றாள். மகன் கல்லறை விளக்குக்கு யார் எண்ணெய் ஊற்றுவது என்றார். பக்கத்து வீட்டு வாசோவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள்.

“கொடுக்காதவளுக்கு எதுக்கு நேர்த்தி?” என்றார் கடைசியில். “மீனைத் தராதவனுக்கு எவனாவது காசு குடுப்பானா?”

“நேர்ந்தது நேர்ந்ததுதான். செலுத்தாம விட்டா அவ பிடுங்கிக்குவா.”

“இனி பிடுங்க நம்மகிட்ட என்ன இருக்கு?”

அவள் கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்துப் போர்வை மடிப்பில் செருகினாள். என்னவென்று கேட்க வேண்டியதில்லை. தீனோஸுக்கு நேர்ந்தவர்கள் வெள்ளித் தகடு கொண்டுபோவார்கள். கண்ணுக்கு நேர்ந்தால் கண், கைக்கு நேர்ந்தால் கை, பிள்ளைக்கு நேர்ந்தால் பிள்ளை.

தானாசிஸ் காபிக் கோப்பையைத் தள்ளினார். செத்த பிள்ளையை வெள்ளியில் அடித்து, காப்பாற்றாதவள் கோயிலிலேயே கொண்டுபோய்த் தொங்கவிடுவதா? ஊன்றுகோலை எட்டி எடுத்து எழுந்தார். கைக்குட்டையைப் பறித்துக்கொண்டு பால்கனிக் கதவைத் திறந்தார். அர்கிரோ தடுக்கவில்லை.

வீசுவதற்கு முன் மகனை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. பிரித்தார்.

தகட்டில் இருந்தது பையன் இல்லை. கோட்டுப் போட்டு, மீசை வைத்த ஒரு நடுவயது ஆள். அவர் கை தானாகத் தன் மீசைக்குப் போனது.

“அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குள்ள நிக்கித்தாஸ் நடந்தே வந்தான்,” என்றாள் அர்கிரோ, தரையைப் பார்த்தபடி. “தண்ணி கேட்டான். என்னைப் பார்த்துச் சிரிச்சான். கைதான் உடைஞ்சிருக்குன்னு நெனச்சேன். உனக்குத்தான் மூச்சே இல்ல. நான் உன்னைத்தான் கேட்டேன், தானாசி. அவ குடுத்துட்டா.”