நாலாம் நம்பர் டேப்

திரையில் பாறை தெரிந்தது.

தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்குகூட வராத துண்டு. மைக்ரோஸ்கோப் அதை மலையாகக் காட்டியது. உடைந்த ஓரம் அரிவாள் மாதிரி இருந்தது.

பேராசிரியர் ஷிஜா திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

பாறசாலைக் கல்லூரி ஒன்றில் அவளுடைய ஆய்வகம். சிலிக்கான் தகட்டின் மேல் நூறு அணு கனத்தில் படலம் ஏற்றி, மின்னணு சிப்புக்குப் புதுப் பொருள் தேடுகிற வேலை. ஒரு தூசி விழுந்தால் போதும், தகடு குப்பை. எட்டு மாதமாகக் குப்பைதான்.

கூட்டித் துடைக்கும் ஞானபாயின் முகப்பவுடர்தான் காரணம் என்று ஷிஜா முடிவு கட்டியிருந்தாள். இன்றோடு ஞானபாய்க்கு வேலை இல்லை.

“கெட்டினவன் செத்து ஏழு வருசமாச்சு டீச்சரே. இனி ஆருக்காக்கும் நான் பவுடர் இடுது?” என்று காலையில் கேட்டிருந்தாள். ஷிஜா சாவியைத் திருப்பித் தரச் சொன்னாள்.

சாவியைக் கொடுக்க வந்தவள் இப்போது கதவருகில் நிற்கிறாள்.

தூசி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஆய்வு மாணவன் அஜேஷ் ஐந்து இடங்களில் டேப் ஒட்டி எடுத்திருந்தான். ஞானபாயின் கோட்டிலும்தான். எது யாருடையது என்று சொல்லாமல் நம்பர் மட்டும் போட்டிருந்தான். மற்றதெல்லாம் ஏறக்குறைய சுத்தம். நாலாம் நம்பரில் கல் குவிந்து கிடந்தது.

“பவுடர்னா மக்னீசியம் காட்டும் மேடம். இதுல இல்ல. இது கிரஷர் பொடியாக்கும்.”

“நாலு ஆருக்க?”

அஜேஷ் ஞானபாயைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“மேடத்துக்க லேப் தொப்பி. உள்பக்கம்.”

உள்ளே வருகிறவர்களின் நகத்தைக்கூடச் சோதித்து விடுகிறவள் ஷிஜா. தினமும் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள். வெள்ளறடைப் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோய் எட்டு மாதம் ஆகிறது. பின்சுவருக்கு அப்பால் ரப்பர்த் தோட்டம், அதைத் தாண்டினால் கல் உடைக்கும் கிரஷர்.

 எழுந்து ஞானபாயிடம் போனாள்.

“அக்கா, தப்பு எனக்கதாக்கும். சாவி உங்க கையில இருக்கட்டு. திங்கக்கிழம வாங்க.”

ஞானபாய் அவளைப் பார்க்கவில்லை. திரையிலிருந்த கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்க வேல கெடக்கட்டு. வீட்டுல கொச்சு உண்டுல்லா டீச்சரே?”

உண்டு. மகள் ஜின்சி, மூன்று வயது. இரண்டு மாதமாக விடாத இருமல்.

இந்த அளவுக் கல் மூக்கில் நிற்காது, நேரே நெஞ்சுக்குள் இறங்கும். அது ஷிஜாவுக்குத் தெரியாததல்ல. பிள்ளையைக் காற்றோட்டமாகப் படுக்க வையுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தினமும் காலையில் கிளம்பும்போது, தூங்குகிற பிள்ளையின் தலைமாட்டில் பின்பக்க ஜன்னலை விரியத் திறந்து, கொக்கி மாட்டிவிட்டு வருகிறவள் ஷிஜாதான்.