யாரும் சாகாத நாளில் புகை

ஊரில் யாரும் சாகவில்லை. கொட்டுச் சத்தம் இல்லை, சங்கு ஊதவில்லை, முக்கில் கண்ணீர் அஞ்சலி பேனரும் முளைக்கவில்லை. ஆனால் நேற்று உச்சி வெயிலில், பூட்டிக் கிடந்த சுடுகாட்டு எரிமேடையின் புகைக்குழாயிலிருந்து கருகருவென்று புகை வந்தது.

வாழைத்தோப்பில் வேலை பார்த்த பெண்கள் மம்பட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். காயப்போட்ட துணிகளை ஊரே உள்ளே எடுத்து வைத்தது. யார் வீட்டுச் சாவு என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்று பேரூராட்சி அலுவலகத்தில் வேட்புமனு பரிசீலனை. புகை பற்றிய பேச்சு அங்கேயும் வந்து சேர்ந்தது.

"சார், பாண்டீஸ்வரி மனுவைத் தள்ளுபடி பண்ணணும்" என்று எழுந்தான் சுரேஷ்கண்ணன்.

ஏழாவது வார்டுக்கு இரண்டே மனு. ஒன்று அவனுடையது, மற்றது அவளுடையது. அவன் சிமெண்ட் கடைக்காரன். சுவருக்குச் சுவர் 'உங்கள் வீட்டுப் பிள்ளை' என்று கைகூப்பிச் சிரிக்கிற ஆள்.

"காரணம்?" என்றார் தேர்தல் அதிகாரி.

"எரிமேடை காண்ட்ராக்ட் இவுகதான் எடுத்திருக்காக. பேரூராட்சியில காண்ட்ராக்ட் வச்சிருக்கிறவுக, பேரூராட்சித் தேர்தல்ல நிக்கக் கூடாது. சட்டம் சார்."

சட்டம் சரிதான். அது பாண்டீஸ்வரிக்கும் தெரியும். புருஷன் போன பிறகு அவளுக்குச் சோறு போட்ட வேலை அது. இந்தத் தேர்தலுக்காகப் போன வாரம்தான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

'சுடுகாட்டுக்காரிக்கு எவன் ஓட்டுப் போடுவான்?' என்று முதலில் சிரித்த ஊர், அப்புறம் யோசித்தது. எந்த வீட்டுப் பிணத்தையும் அவள் முகம் சுளித்து அனுப்பியதில்லை. இந்த முறை அவள்தான் என்று டீக்கடையில் பேச்சு. சுரேஷ்கண்ணனுக்குத் தூக்கம் போனது அதனால்தான்.

"விட்டுட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு நேத்து எரிச்சிருக்காக சார். அப்புறம் எங்க விட்டாக? நான் ஓட்டுக் கேட்டுப் போறேன், புகை என் பின்னாலயே வருது. தெரு மாறுனா அதுவும் மாறுது. வெள்ளைச் சட்டை பூராக் கரி. தட்டத் தட்ட ஒட்டுது. காலையில குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்குப் போயி எள் தீபம் ஏத்துனா, அதுவும் நிக்க மாட்டேங்குது. அங்கன காத்துகூட இல்ல சார்!"

சொல்லும்போதே அவன் தோளில் ஒட்டிய கரியைத் தட்டினான். அறையில் யாரும் சிரிக்கவில்லை.

அதிகாரி பாண்டீஸ்வரியைப் பார்த்தார். "நேத்து எரிச்சது நீங்களா?"

"ஆமா சார்."

"ஏம்மா? அதான் விட்டுட்டீங்களே?"

"புது ஆளு இன்னும் வரல. பொணத்தக் கொண்டாந்து நிப்பாட்டுனா, நாளைக்கு வாங்கன்னு சொல்ல முடியுமா? கூலி வாங்கல. கேஸ் சிலிண்டர்கூட நானே வாங்குனதுதான்."

"சரி. கூலி வாங்காம செஞ்ச உதவின்னா மனுவை ஏத்துக்க வழி இருக்கு. செத்தது யாருன்னு சொல்லுங்க, விசாரிச்சுக்கிறேன்."

பாண்டீஸ்வரி தரையைப் பார்த்தாள்.

"ஒரு பேருதானேம்மா. சொல்லுங்க."

"முறையா செத்தவுகதான் சார். டாக்டர் பாத்திருக்காக. பேரை மட்டும் கேக்காதீக. வாக்குக் குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

"எரிஞ்சவுகளுக்குத்தான்."

கடைசி பெஞ்சில் இருந்தவர் மெல்ல எழுந்து வெளியே போய்விட்டார். அதிகாரி தன் சட்டைக் காலரை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கேட்டீகளா சார்!" சுரேஷ்கண்ணன் கத்தினான். "பொணத்துக்கு வாக்குக் குடுத்தாகளாம்! அநாதைப் பொணமோ, மலைக்கு அங்கிட்டிருந்து கொண்டாந்த கள்ளப் பொணமோ! இவுக கவுன்சிலரானா ஊரு வெளங்குமா?"

அதிகாரி மறுபடியும் பேரைக் கேட்டார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். வேறு வழியில்லாமல் அவள் மனுவைத் தள்ளுபடி செய்தார்.

ஏழாவது வார்டில் இனி ஒரே ஆள். போட்டி இல்லை, ஓட்டுப்பதிவு இல்லை. வெளியே அப்போதே சரவெடி வெடித்தது.

வேலையும் போச்சு, தேர்தலும் போச்சு. அந்த ஒரு பேரைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி மகள்!

படியிறங்கி வந்த சுரேஷ்கண்ணன் கழுத்தில் ரோஜா மாலை. வாசலில் பாண்டீஸ்வரி தனியாக நின்றாள். ஜெயித்தவனுக்குத் தாராளம் வருவது சகஜம்தானே.

"மனசுல வச்சுக்காதீகக்கா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்றவன், குரலைத் தாழ்த்தினான். "ஆமா, இப்பவாவது சொல்லுங்க. யாரு அது?"

"இப்பச் சொல்லலாம் தம்பி. அதான் எலக்சன் முடிஞ்சிருச்சே. மொதல்ல அந்த மாலையைக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"கூடலூர் முதியோர் இல்லத்துல கொண்டுபோயி விட்டீகளே, உங்க அய்யா... முந்தாநாள் எனக்குப் போன் போட்டாக. 'நாளைக்கு வந்துருவேன் தாயி, சொந்த மண்ணுல என்னைய எரிச்சிரு. ஆனா எலக்சன் முடியிறமட்டும் எம்மகன்கிட்டச் சொல்லிராத. தீட்டு வந்துட்டா புள்ள எப்படி வீடு வீடா ஏறி ஓட்டுக் கேப்பான்?'ன்னாக."